கோடு விழுந்தது படத்திலா, திரையிலா?

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் அந்தி வானத்தைப் படமெடுத்து வந்தார். ஒளிப்படப் போட்டிக்கு அனுப்புவதற்காக ஆய்வகக் கணினியில், படம் திருத்தும் மென்பொருளில் அதைத் திறந்தேன். ஆரஞ்சிலிருந்து கருநீலத்துக்கு மெல்ல மாற வேண்டிய வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. "படம் சரியா வரலம்மா, இது தேறாது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அதே கோப்பை என் கைப்பேசியில் பார்த்தபோது பட்டை ஒன்றுகூட இல்லை. போட்டிக்கு அனுப்பும் கடைசி நாளோ முந்தைய நாளே முடிந்திருந்தது.

அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன?

நிறங்களும் படிகளும்

வழக்கமான ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றும் சேர்ந்து 1,67,77,216 நிறங்கள். இது போதும் என்று தோன்றும். ஆனால் அந்தி வானம் இவற்றில் மிகச் சிலவற்றையே பயன்படுத்துகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1,920 புள்ளி அகலத் திரையில் வானத்தின் நீலம் 40 படிகள் மட்டுமே மாறுகிறது என்று கொள்வோம். ஒரு படிக்கு 48 புள்ளிகள். அடுத்தடுத்த படிகளின் வேறுபாடு மிகச் சிறியது என்பதால் கண் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாது. அதே 40 படிகள் 10 ஆகச் சுருங்கினால், ஒரு பட்டைக்கு 192 புள்ளிகள். தாவலும் நான்கு மடங்கு. இப்போது பட்டை தெளிவாகத் தெரியும். இரு நிழல்கள் சந்திக்கும் விளிம்பை நம் கண் மிகைப்படுத்திக் காட்டுவதும் இதற்குத் துணைபோகிறது. 1865இல் எர்ன்ஸ்ட் மாக் விளக்கிய இவ்விளைவு 'மாக் பட்டைகள்' எனப்படுகிறது.

கிராஃபிக்ஸ் முடுக்கம் செய்வது என்ன?

படத்தின் எண்களை அப்படியே திரைக்கு அனுப்புவதில்லை. அந்தத் திரையின் நிறத்தன்மைக்கு ஏற்ப மாற்றியே அனுப்புகிறார்கள். முடுக்கம் இயக்கத்தில் இருந்தால் இவ்வேலையை மையச் செயலிக்குப் பதிலாக கிராஃபிக்ஸ் செயலி செய்கிறது. நூற்றுக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் முடிப்பதால் வேகம் கூடும். ஆனால் சில மென்பொருள்களிலும் பழைய டிரைவர்களிலும் இம்மாற்றம் குறைந்த துல்லியத்தில் நடக்கிறது. முழுமையாக்கும்போது அருகருகே உள்ள மதிப்புகள் ஒன்றாகிவிடுகின்றன. கோப்பு நலமாகவே இருக்கும். திரையில் மட்டும் பட்டை தெரியும்.

எப்படிக் கண்டறிவது?

1. படத்தை 100 விழுக்காடு அளவில் பாருங்கள்.
2. மென்பொருளின் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் செயலிப் பயன்பாட்டை நிறுத்தி, மென்பொருளை மூடித் திறவுங்கள். ஃபோட்டோஷாப்பில் இது பிரிஃபரன்சஸ் – பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ளது. பட்டை மறைந்தால் குறை படத்தில் இல்லை.
3. அதே கோப்பை வேறொரு கணினியிலும் கைப்பேசியிலும் பாருங்கள்.
4. நிறம் அறியும் கருவியால் பட்டையின் இருபுறமும் எண்களைப் படியுங்கள். திரையில் ஒரே நிறமாகத் தெரியும் பட்டைக்குள் எண்கள் 61, 62, 63 என ஏறினால், கோப்பில் படிகள் பத்திரமாக உள்ளன.

குறை திரைவழியில் என்றால் டிரைவரைப் புதுப்பித்து, முடுக்கத்தை மீண்டும் இயக்கிப் பாருங்கள். நிறுத்தியே வைத்தால் பெரிய படங்களில் வேலை மெதுவாகும். சில வசதிகளும் இயங்காமல் போகலாம்.

எல்லாத் திரைகளிலும் பட்டை தெரிந்தால் குறை படத்திலேயே இருக்கக்கூடும். 8 பிட் படத்தில் ஒளியையும் நிறத்தையும் மிகுதியாகத் திருத்துவதும், ஜேபெக்காக அதிகம் சுருக்குவதும் முக்கியக் காரணங்கள். திருத்தத் தொடங்கும் முன்பே 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இழந்த படிகளை அது மீட்டுத் தராது. மேலும் இழக்காமல் காக்கும். முடிவில் மிகச் சிறிதளவு புள்ளியிரைச்சல் சேர்த்தால் பட்டையின் விளிம்பு மங்கும்.

அந்த மாணவியிடம் வகுப்பிலேயே என் தவறைச் சொன்னேன். "அப்போ என் படம் நல்லாத்தான் இருந்துச்சா சார்?" என்று கேட்டார். மேற்கண்ட நான்கு படிகளையும் இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியவர் அவரே.