ராட்டினமும் கண் இருட்டலும்

தேனி வட்டாரத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகாத குடும்பம் அரிது. முல்லைப் பெரியாற்றின் கரையில் எட்டு நாட்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் மக்கள் திரளுவார்கள். ஒருபுறம் தீச்சட்டி ஏந்தி வருவோர். மற்றொருபுறம் வானளாவச் சுழலும் ராட்டினங்களும், ஊஞ்சலைப்போல் ஆடும் கப்பலும். அவற்றில் ஏறி இறங்குவோருள் சிலர், "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது" என்று சொல்லித் தரையிலேயே அமர்ந்துவிடுவதுண்டு. உடனிருப்போர், "இதற்கே பயந்துவிட்டாயா?" என்று சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பு நியாயமானதன்று என்பதை விளக்கவே இன்று பேச வந்தேன்.

நேயர்களே, முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் கிராமத்து மக்கள் இவ்விஷயத்தில் மிகவும் நுட்பமாகப் பேசுகிறவர்கள். உலகம் சுற்றுவதுபோல் தோன்றினால் தலைசுற்றல் என்பார்கள். வயிறு புரண்டால் குமட்டல். கண்ணில் பூச்சி பறந்து, நிறங்கள் வெளுத்து, ஓரங்களிலிருந்து இருள் கவிந்து வந்தால் கண் இருட்டல். நினைவே தப்பினால் மயக்கம். இந்நான்கும் ஒன்றல்ல, இவற்றின் காரணங்களும் ஒன்றல்ல. போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் செல்லும் பெண்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அவ்வளைவுகளைக் கடப்பார்கள். அது உட்செவியின் தொந்தரவு. உடல் அசைவதாகச் செவி சொல்கிறது. வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இவ்விரண்டும் முரண்படவே வயிறு புரள்கிறது. கண் இருட்டல் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது இரத்தத்தின் விஷயம்.

இதனைத் தெளிவாகக் காண ரோலர் கோஸ்டர் என்னும் தண்டவாள விளையாட்டு வண்டியே தக்க உதாரணம். அதற்கு நிலைத்த தமிழ்ப் பெயர் இன்னும் அமையவில்லை. ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் அதனை 'ருஷ்ய மலை' என்று அழைக்கிறார்கள்; ருஷ்யர்களோ 'அமெரிக்க மலை' என்கிறார்கள். ஆகவே பெயர் விஷயத்தில் நாம் வெட்கப்பட வேண்டுவதில்லை! கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகக் கொச்சிக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்கள் பல, அந்நகரையடுத்த பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டு வீகாலாண்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டு, இப்போது வொண்டர்லா எனப்படும் கேளிக்கைப் பூங்காவைத் தவறவிடுவதில்லை. அத்தகைய இடங்களில் நம் பிள்ளைகள் முதன்முதலாக இவ்வண்டியில் ஏறுகிறார்கள்.

வகுப்பில் நான் வழக்கமாகச் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. ஒரு செம்பில் பாதியளவு நீர் எடுத்துக் கழுத்தில் கயிறு கட்டி, மேலும் கீழுமாக வேகமாகச் சுழற்றினால், செம்பு தலைகீழாக வரும்போதும் நீர் சிந்துவதில்லை. பிள்ளைகள் அதைக் கண்டு கைதட்டுவார்கள். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அதுவன்று. செம்பு கீழே வரும் கணத்தில் கை எவ்வளவு இழுபடுகிறது என்று பார் என்பேன். அக்கணத்தில் செம்பும் நீரும் தம் எடையினும் பல மடங்கு கனக்கின்றன. நீர் முழுவதும் அடிப்பாகத்தை நோக்கி அழுந்துகிறது. ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் பாய்ந்து மீண்டும் மேலேறத் திரும்பும் இடம் அதைப் போன்றதே. அங்கே நாம்தான் செம்பு. நம் இரத்தம்தான் நீர். அது காலை நோக்கி அழுந்துகிறது. இதயமோ அதைத் தலைக்கு ஏற்றியாக வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல உடல்நலமுள்ளவரின் இரத்த அழுத்தம், இதயம் சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து கண் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்துக்கு இரத்தத்தை ஏற்றுவதற்கு 23 செலவாகிறது. ஆகவே அமைதியாக அமர்ந்திருக்கும்போது கண்ணுக்கு வந்து சேர்வது 97. உடல் இரு மடங்கு கனத்தால் செலவு 46. கண்ணுக்கு எஞ்சுவது 74. நான்கு மடங்கு கனத்தால் எஞ்சுவது 28. நாலரை மடங்கில் 16 அல்லது 17. இங்கேதான் வினோதம் நிகழ்கிறது. கண்விழிக்குள் இருக்கும் திரவத்துக்குத் தனியே ஓர் அழுத்தம் உண்டு. அது சாதாரணமாக 10 முதல் 21 வரை. வரும் இரத்தத்தின் அழுத்தம் அவ்வளவுக்குத் தாழ்ந்துவிட்டால் விழித்திரைக்குள் இரத்தம் புக இயலாது. மூளைக்கோ இன்னும் சிறிது இரத்தம் போய்க்கொண்டிருக்கும். நினைவு தப்புவதற்கு முன்னால் பார்வை மங்குவது இதனால்தான். கண் இருட்டல் என்பது மயக்கத்துக்கு முன் அடிக்கப்படும் மணி. அம்மணி கேட்ட பின்பும் அழுத்தம் நீடித்தால் மயக்கம் வரும். குறைந்தால் பார்வை ஓரிரு விநாடிகளில் திரும்பிவிடும்.

அப்படியானால் ரோலர் கோஸ்டரில் ஏறுவோர் எல்லோருக்கும் ஏன் கண் இருட்டுவதில்லை? காலம்தான் காரணம். இரத்தம் வராவிட்டாலும் விழித்திரையும் மூளையும் தம்மிடமுள்ள பிராணவாயுவைக் கொண்டு சில விநாடிகள் தாக்குப்பிடிக்கும். பள்ளத்தின் அழுத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. ஒரே பக்கமாக நெடுநேரம் சுருண்டு இறங்கும் பாதைகளே கண்ணை இருட்டச் செய்வதில் வல்லவை. இன்னொன்றும் உண்டு. மேட்டின் உச்சியைக் கடக்கையில் உடல் இருக்கையைவிட்டு எழும்புவதுபோல் இருக்கும். அப்போது இரத்தம் தலைப்பக்கம் பெருகுகிறது. அழுத்தம் கூடிவிட்டதென்று கருதி உடல் இதயத்துடிப்பைத் தணித்து, இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. உடனே அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது! தளர்ந்த நிலையில் வந்து மோதும் அழுத்தத்தை உடல் சமாளிக்கத் திணறுகிறது. மேட்டுக்குப் பின்வரும் பள்ளத்தில் இருட்டல் எளிதாக நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். போர்விமானிகளையும் இதே சங்கடம் வாட்டுகிறது.

இவ்வழுத்தத்தை அலட்சியம் செய்த கதையும் சரித்திரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கோனி தீவில் 1895-ஆம் ஆண்டு, தலைகீழாகச் சுற்றும் வண்டி ஒன்றை அமைத்தார்கள். அதன் வளையம் முழுவட்டமாக இருந்தது. வட்டத்துக்குள் நுழைந்த கணமே அழுத்தம் முழுவதும் உடலைத் தாக்கியதால் பயணிகள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1976-ல் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்ட வண்டியில்தான், ஜெர்மானியப் பொறியாளரான வெர்னர் ஸ்டெங்கலின் கணக்குப்படி, வளையம் கவிழ்த்த நீர்த்துளி வடிவம் பெற்றது. அடியில் வளைவு அகன்றும் உச்சியில் குறுகியும் இருப்பதால் அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. இன்றைய பூங்காக்களில் நாம் காணும் வளையங்கள் பெரும்பாலும் அவ்வகையினவே.

இனி வீரபாண்டி ராட்டினத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். திருவிழாவில் சுழலும் பெரிய ராட்டினம் உடலைப் பொதுவாக இரு மடங்குக்குக்கூட அழுத்துவதில்லை. ஆடும் கப்பல் அடியில் வரும்போது இரு மடங்கை ஒட்டி அழுத்தலாம். நம் கணக்கின்படி இரு மடங்கில் கண்ணுக்கு 74 எஞ்சுகிறது. பார்வை மங்குவதற்கு அது காரணமாகாது. அப்படியிருந்தும் ஒரு பெண்பிள்ளைக்குக் கண் இருட்டுகிறதென்றால், குற்றம் ராட்டினத்தில் இல்லை. அவள் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். விரதமிருந்து, சித்திரை வெயிலில் வரிசையில் நெடுநேரம் நின்றிருக்கலாம். வெப்பத்தால் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து, வியர்வையால் உடல்நீர் வற்றி, அழுத்தம் 120-க்குப் பதிலாக 90-ஆகத் தாழ்ந்திருந்தால், மூன்று மடங்கிலேயே அவளுடைய கண்ணுக்கு எஞ்சுவது 21-தான். அச்சமும் தன் பங்கைச் செய்யும். சிலருக்கு மிகுந்த அச்சத்தில் இதயம் விரைவதற்கு மாறாகத் திடீரென்று தணிந்துவிடுகிறது. அது கோழைத்தனமன்று; நரம்பின் இயல்பு. ஊசி போடுவதைக் கண்டதும் திடகாத்திரமான இளைஞர்கள் சாய்வதைப் பார்த்ததில்லையா?

இவற்றினும் கவலை தருவது இரத்தசோகை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவியர் மயங்கி விழுவதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். விசாரித்தால், காலையில் உண்ணவில்லை என்றோ, வீட்டு விலக்கு நாள் என்றோ விடை வரும். பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறிந்த கதையும் மெல்ல வெளிப்படும். நாற்று நடும் வயலில் குனிந்து நிமிரும்போதெல்லாம் கிறுகிறுப்பு வருகிறது என்னும் தாய்மார்களும் இதே வழியில் சிந்திக்க வேண்டும். ஒருமுறை இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். சாதாரண ராட்டினத்தில் கண் இருட்டிய பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள், அப்பரிசோதனைக்குக் கிடைத்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

சரி, உடல்நலமுள்ள ஒருவர் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறத்தான் போகிறார். அவர் என்ன செய்யலாம்? இதற்கு விமானப் படையினரே குரு. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவைச் சேர்ந்த வில்பர் பிராங்க்ஸ், விமானிகளின் கால்களையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும், நீர் நிரம்பிய உடை ஒன்றை உருவாக்கினார். இரத்தம் கீழே தேங்காமல் தடுப்பதே அதன் நோக்கம். இன்றைய விமானிகள் காற்றால் உப்பும் உடையை அணிவதோடு, தசைகளை இறுக்கும் பயிற்சியும் பெறுகிறார்கள். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவக் கழகத்தில் இதற்கெனவே மனிதரைச் சுழற்றும் பெரிய எந்திரம் இருக்கிறது.

நமக்கு உடை வேண்டாம், தசை போதும். வண்டி பள்ளத்தை நெருங்குவதற்கு முன்பாகவே பாதங்களை ஊன்றித் துடை, கெண்டைக்கால், பிட்டம் ஆகியவற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். வயிற்றையும் உள்ளிழுத்து இறுக்க வேண்டும். அழுத்தம் வந்த பின் தொடங்கினால் பயன் குறைவு. மூச்சை நெடுநேரம் அடக்கி முக்கக் கூடாது. அவ்வாறு முக்கினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்பட்டு நிலைமை இன்னும் கெடும். மூன்று விநாடிக்கு ஒருமுறை சிறிது மூச்சை விட்டு உடனே இழுத்துக்கொள்வது நலம். தலையைப் பின்புற இருக்கையில் நன்றாகச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பது கழுத்துக்கு ஆகாது. நிறங்கள் வெளுக்கத் தொடங்கினால் பீதியடையாமல் கால்களை மேலும் இறுக்குங்கள். பெரும்பாலும் அடுத்த மேட்டில் பார்வை தெளிந்துவிடும்.

ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவை சாதாரணமானவை. ஆனாலும் அவற்றையே மறக்கிறோம். நன்றாக உறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பாகச் சிற்றுண்டியும், இரண்டு குவளை நீரோ மோரோ அருந்தியிருப்பது நல்லது. மது அருந்தியவர் அருகில்கூட வரக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஏற வேண்டும். இதயநோய், காக்காய் வலிப்பு, கழுத்து முதுகுக் கோளாறு உடையவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இவ்விளையாட்டு உகந்ததன்று. உயரமான ஒல்லியான பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள். அவர்களுக்கு இதயத்துக்கும் தலைக்கும் இடையே தூரம் அதிகம். ஒட்டகச்சிவிங்கிக்கு இயற்கை மனிதரைப்போல் இரு மடங்கு இரத்த அழுத்தம் கொடுத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அச்சலுகை இல்லை.

இறங்கும்போது துள்ளிக் குதித்து எழக் கூடாது. சற்று அமர்ந்திருந்து, காலை அசைத்து, பிறகு எழ வேண்டும். யாரேனும் சாய்ந்துவிட்டால் அவரைத் தூக்கி உட்காரவைக்க முயல்வது பெருந்தவறு. சமதரையில் மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். இரத்தம் தானே தலைக்கு ஓடிவரும். கூட்டத்தை விலக்குங்கள். நினைவு தெளியும் வரை வாயில் நீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனொன்றும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிடினும், நெஞ்சு வலித்தாலும், இதயம் தாறுமாறாகத் துடித்தாலும், சவாரிக்குப் பின் கடுமையான தலைவலியோ கைகால் சோர்வோ பேச்சுக் குழறலோ தோன்றினாலும் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். எவ்வித முன்னறிகுறியுமின்றி மயங்கியவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர்களும், உடனே தெளிந்துவிட்டாலும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நம் மாவட்டத்தார்க்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கண் இருட்டிய பிள்ளை மறுபடியும் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தால், அன்று வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தோழர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி, சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணானாலும் சரி. அவனை நிழலில் உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, கண் எந்த இடத்தில் இருட்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது, காலையில் என்ன சாப்பிட்டான் என்று பொறுமையாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப் போவதும் அவற்றைத்தான்.