சென்னை டூ யாழ்ப்பாணம் எத்தனை மணி நேரம்?

போன வாரம் ராத்திரி சோறு வேகறதுக்குள்ள ஒரு பஞ்சாயத்து. ஆக்லாந்தில் எங்கள் வீட்டில் மூணு பேர். நான் சென்னை, ஒரு பையன் அமிர்தசரஸ், மூணாவது யாழ்ப்பாணத்து அண்ணன். "சிங்கப்பூர் வரைக்கும் பத்தரை மணி நேரம், அப்புறம் சென்னைக்கு நாலு மணி நேரம், நடுவில காத்திருப்பு வேற"ன்னு நான் வழக்கம்போல புலம்பிக்கிட்டு இருந்தேன்.

அண்ணன் கேட்டார்: "தம்பி, சென்னையில இருந்து எங்கட ஊர் எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ?"

"ஒரு ஆயிரம் கிலோமீட்டர்?"னு அடிச்சு விட்டேன். கூகுள் மேப்பில் அளந்து பார்த்தா, நேர்கோட்டில் சுமார் 360! நம்ம மதுரைக்கே ரோட்டில் 460 போகணும் மக்களே. பஞ்சாபி பையன், "எங்க ஊர்லேருந்து லாகூர் அம்பதுதான்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டான். அவனோட சோகம் தனி.

ஒரு காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிக்கலாம். நடுவில் கடல் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டு போச்சு. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடின கப்பலும் எண்பதுகளில், சண்டை தொடங்கின காலத்தில் நின்னு போச்சு. அதுக்குப் பிறகு சென்னையில் விமானம் ஏறி யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் கொழும்பு போய், அங்கிருந்து பஸ்ஸில் வடக்கே திரும்பி வரணும்.

அண்ணனோட அம்மா சென்னையில் இருந்தாங்க, அம்மம்மா யாழ்ப்பாணத்தில். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதையை மூடிட்டாங்க. கொழும்பிலிருந்து விமானமோ கப்பலோ பிடிக்கணும்னா முதலில் அனுமதி வாங்கணும். 2007 தொடக்கத்தில் அம்மம்மா தவறிட்டாங்க.

"செய்தி ஒரு நிமிசத்தில வந்திட்டுது. அம்மாவாலதான் போக ஏலாமல் போச்சு"ன்னார் அண்ணன்.

அம்மா போய்ச் சேர்ந்தது 2010இல். இறுதிச் சடங்குக்குக் கிளம்பினவங்க, மூணு வருஷம் கழிச்சுப் போய்ப் பூட்டின வீட்டைத்தான் பார்த்தாங்க.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாச்சு. நவம்பரில் சென்னையிலிருந்து சின்ன விமானம் வர ஆரம்பிச்சுது. கொரோனாவில் நின்னு, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கினாங்க. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் விட்டாங்க. சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓட்டினாங்க. அந்தக் கடல் பயணம் சுமார் நாலு மணி நேரம்.

அம்மா 2023இல் விமானத்தில்தான் போனாங்களாம். பழைய நினைப்பில் இட்லி, மிளகாய்ப்பொடி, தண்ணி பாட்டில், மாத்துச் சேலை எல்லாம் கைப்பையில். ஒண்ணேகால் மணி நேரத்தில் பலாலி வந்துடுச்சு. அங்கிருந்து அண்ணனுக்குப் போன் பண்ணி அவங்க சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இட்லிப் பொட்டலம் பிரிக்கவே இல்லையடா."

சொல்லிட்டு அண்ணன் எழுந்து போய் அடுப்பை அணைச்சார். சோறு குழைஞ்சு போயிருந்துச்சு.