சுவரை உடைக்கும் முன் எழுதி வாங்குங்கள்

புது வீடு கட்டும்போது வரைபடம், அனுமதி, பொறியாளர், வங்கி மதிப்பீட்டாளர் என்று பல பேரின் கண் அந்த வேலைமேல் இருக்கும். இருக்கிற வீட்டைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் மேஸ்திரியின் வாய்வார்த்தை மட்டும்தான். “நாலு லட்சம் இருந்தா போதும் சார், தீபாவளிக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடுறேன்” என்பதோடு பேச்சு முடியும். மறுநாளே சுவரை உடைக்க ஆள் வந்துவிடும். பாதி வேலையில் தொகை ஏறும்போதுதான், எதையுமே எழுதி வாங்கவில்லையே என்று உறைக்கும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. வீட்டுக் கட்டுமானமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேவை என்பதன் வரையறையில் அதைச் சேர்த்திருக்கிறது. அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்குக் கைகொடுக்கும் ‘ரெரா’ சட்டம், சொந்த வீட்டைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் பொருந்தாது. எனவே நமக்கிருக்கும் முக்கியமான கதவு நுகர்வோர் ஆணையம்தான். அங்கே கேட்கும் முதல் கேள்வி, “என்ன பேசினீர்கள், அதற்கு ஆதாரம் என்ன?” என்பது. அந்த ஆதாரம் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

எதை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது

கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுப்பதுதான் பலரின் முதல் ஆசை. பழைய வீடுகளில் பெரும்பாலும் தூண், பீம் கிடையாது; கூரையின் பாரம் முழுக்கச் சுவர்மேல்தான். மரக்கட்டைகள்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் கூடுதல் கவனம் வேண்டும். கான்கிரீட் தூணைக் கொத்தி உள்ளே பைப் பதிப்பதும் ஆபத்து. இதை முடிவுசெய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். அவர் கருத்தைக் கையெழுத்துடன் வாங்கி வையுங்கள்.

வெள்ளையடிக்கவோ தரை டைல்ஸ் மாற்றவோ திட்ட அனுமதி தேவையில்லை. மாடியில் ஓர் அறை எழுப்புவதானால் தேவை. அனுமதியில்லாமல் கட்டினால் நோட்டீஸ் வரும், சீல் வைக்கவும் அதிகாரம் உண்டு. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி அல்ல, வீட்டுக்காரர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தூண், வெளிச்சுவர், பொதுக்குழாய் எல்லாம் பொதுச்சொத்து. சங்கத்தின் ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

லேபர் காண்ட்ராக்டா, பொருளோடு சேர்த்தா என்பதை முதலில் எழுதுங்கள். பொருள் அவருடையது என்றால் சிமெண்ட், கம்பி, வயர், பெயின்ட் என ஒவ்வொன்றுக்கும் பிராண்டும் தரமும் வேண்டும். சதுர அடிக் கணக்கு என்றால் ஜன்னல், கதவு இடத்தைக் கழித்தா கழிக்காமலா என்று குறிப்பிடுங்கள். கணக்குத் தகராறு பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கும். நடுவில் நாம் சேர்க்கும் வேலைக்குத் தனி விலை, தனிக் கையெழுத்து. இது மேஸ்திரிக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் தினம் ஒரு மாற்றம் சொல்லிவிட்டுப் பழைய தொகையே தருவேன் என்னும் வீட்டுக்காரர்களும் உண்டு.

பணத்தைத் தேதிக் கணக்கில் தராமல், முடிந்த வேலைக்கு ஏற்பத் தவணையாகத் தாருங்கள். குளியலறையை எடுத்துக்கொள்வோம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் போகும் வழியை அடைத்துத் தரை முழுக்க நீரைத் தேக்கி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கூரையிலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் தெரியாவிட்டால் மட்டுமே அந்தத் தவணை. டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் உடைக்க வேண்டியது பூச்சை மட்டுமல்ல. மொட்டைமாடி வேலையென்றால் ஒரு சிறு தொகையை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ அனுப்புங்கள். நீங்களே பொருள் வாங்கினால் ஜிஎஸ்டி ரசீது அவசியம். டைல்ஸ் பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விழுந்தால் கடைக்காரர் கொத்தனாரையும், கொத்தனார் டைல்ஸையும் கைகாட்டுவார்கள்.

உயிர் சம்பந்தப்பட்டவை

கழிவறையை மாற்றும்போது செப்டிக் டேங்கைத் திறக்க நேரும். அதற்குள் ஆளை இறக்கவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் மயக்கமடைய வைக்கும். காப்பாற்ற இறங்குபவரையும் கொல்லும். பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து நொறுக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்றும் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் அவர்கள் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க அந்தப் பதிவு உதவும்.

ஏமாற்றப்பட்டால்

குறையைப் படமும் வீடியோவும் எடுத்து, ஒரு பொறியாளரின் அறிக்கை வாங்குங்கள். வேறு ஆளை வைத்துச் சரிசெய்வது அதற்குப் பிறகுதான். முன்பே சரிசெய்துவிட்டால் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஆலோசனை கிடைக்கும்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. காண்ட்ராக்டர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். இணையவழியிலும் முடியும், வக்கீல் கட்டாயமில்லை. வேலையின் தரத்தைப் பார்வையிட அட்வகேட் கமிஷனரை நியமிக்கக் கோரலாம். குறையைச் சரிசெய்யவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட முடியும். தீர்ப்பு திருப்தியில்லையென்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. “அடுத்த வாரம் வர்றேன் சார்” என்ற பதிலை நம்பிக் காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன.