ஈரோடு எப்படி ‘ஈரட’ ஆனது?

திருப்பூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கடைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, ஈரோடுன்னு அடிச்சா ஈரடன்னு வருதுங்க. பொள்ளாச்சி பளளசச ஆயிருச்சு. இந்தச் சீட்டைப் பார்த்துட்டு லாரி ஆபீஸ்ல பார்சலை எடுக்க மாட்டேங்கறாங்க. கீபோர்டை மாத்தோணுங்களா?"

கீபோர்டு நன்றாகவே இருந்தது. கோளாறு நான் எழுதிய ஒரு வரியில்.

நீங்கள் ஒரு கீயைத் தட்டும்போது கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, அந்தக் கீயின் எண்ணை மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது விண்டோஸும் நீங்கள் போட்டிருக்கும் தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேரும். 1999-ல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 முறையில் ‘எம்’ கீயைத் தட்டினால் ர வரும். ‘எக்ஸ்’ கீயைத் தனியாகத் தட்டினால் ஓ. ர-வுக்குப் பிறகு தட்டினால் அதுவே துணைக்குறியாகி ‘ரோ’ கிடைக்கும். நமக்கு ‘ரோ’ ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு: ர ஒன்று, துணைக்குறி ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இப்படித் தனி எண் உண்டு.

ஊர் பெயரில் யாரும் எண்களை அடித்துவிடக் கூடாது என்று, "வருவது எழுத்தா? இல்லையென்றால் தள்ளிவிடு" என எழுதியிருந்தேன். யூனிகோடு கணக்கில் துணைக்குறியும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேராது, ‘குறி’ வகை. எனவே அத்தனையும் போய்விட்டன. ஆங்கிலத்தில் மட்டும் அடித்துச் சோதித்துவிட்டு, சரி என்று வீட்டுக்குக் கிளம்பியவன் நான்! குறிகளையும் அனுமதித்ததும் ஈரோடு திரும்பி வந்தது.

ஆனால் கோயம்புத்தூர் ‘கோயம்புத்த’ என்று பாதியில் நின்றது. கட்டத்துக்குப் பத்து எழுத்து போதும் என்று அளவு வைத்திருந்தேன். நம் கணக்கில் அது 7 எழுத்து; யூனிகோடில் 13. நாற்பதாக மாற்றினேன்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நோட்பேடில் ‘ஈரோடு’ என்று டைப் செய்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டுங்கள். ‘டு’ முழுவதும் போகாது, ‘ஈரோட’ என்று நிற்கும்.

எந்த சாஃப்ட்வேரிலாவது தமிழ் இப்படிச் சிதைந்தால் அதே சொல்லை நோட்பேடில் அடித்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கீபோர்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். அதை காப்பி செய்து, சிதைந்த கட்டத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி பேஸ்ட் கொடுங்கள். என்னுடையது போன்ற கீ தடுப்பு என்றால் பெரும்பாலும் சொல் முழுதாக உள்ளே போய்விடும். பிறகு எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.