குளத்தில் மரத்துறை

நீர்நிலையில் இறங்குதற்கும் தோணி ஏறுதற்கும் மக்கள் அமைத்துக்கொள்ளும் இடம் துறை எனப்படும். தமிழகத்துக் குளங்களுக்குக் கருங்கற் படித்துறைகளே பெருவழக்கு. வட அமெரிக்காவின் நாட்டுப்புறங்களிலோ, வீட்டின் பின்புறத்தே சிறு குளம் உடையவர், கரையினின்று நீரின்மேல் நீளுமாறு மரத்தால் துறை அமைக்கின்றனர். தூண்டிலிடுதற்கும், தோணியைக் கட்டிவைத்தற்கும், நீந்தும் சிறுவர் கரையேறுதற்கும் அது பயன்படும். கால்களை நட்டு, அவற்றின்மேல் சட்டங்களைப் பூட்டிப் பலகை பரப்பினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆயினும், சில ஆண்டுகளுக்குள் அத்துறை ஒருபுறம் சாய்ந்துவிடுதலும் உண்டு.

மரம் நீரிற் கிடந்தால் மக்கிவிடும் என்று பலரும் கருதுவர். அது முற்றும் உண்மையன்று. மரத்தை மக்கச் செய்வது நீரன்று. மரத்திற் பற்றி வளரும் பூஞ்சைகளே. அவை உயிர் வாழ்வதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். உலர்ந்த மரத்தில் ஈரம் இல்லை. முழுதும் அமிழ்ந்த மரத்திற் காற்று மிகக் குறைவு. ஆகவே, ஈரிடத்தும் அவை தழைப்பதில்லை. இத்தாலி நாட்டு வெனிசு நகரத்து மாளிகைகள் பல, சேற்றுள் அறையப்பட்ட மரமுளைகளின்மேல் நூற்றாண்டுக் கணக்காக நிற்பது இதற்குச் சான்று. நீர் ஏறியும் இறங்கியும் மாறி மாறி நனைத்து உலர்த்துகின்ற அந்த ஒரு சாண் இடமே மரக்காலின் உயிர்நிலை. மேலும் கீழும் உறுதியாக உள்ள கால், நீர்மட்டத்தில் மட்டும் மெலிந்து ஒருநாள் முறியும். துறையைச் சோதிக்கும் தச்சர் அவ்விடத்தையே முதலிற் கத்திமுனையாற் குத்திப் பார்ப்பர்.

ஆதலின், மரம் தெரிந்தெடுப்பதிற் கருத்து வேண்டும். மரத்தின் உட்பகுதியாகிய வைரம் பூஞ்சையைத் தாங்கி நிற்கும். அதனைச் சூழ்ந்த வெளிறு விரைவில் இரையாகும். அகத்தே காழ் உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் எனத் தொல்காப்பியர் பகுத்தார். அவர் கணக்கிற் பனையும் புல்லே. அதன் புறத்தைச் செதுக்கிவிட்டால் எஞ்சுவது சோறுதான். அமெரிக்கர் விரும்பும் சீடார் மரத்தின் வைரம் நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை மிகும். பைன் மரம் மலிவு. அதிலோ வெளிறு மிகுதி.

மலிந்த மரத்தையும் நெடுநாள் நிற்கச் செய்யும் வழி கண்டவர் ஓர் இந்தியர். சொந்தி காமேசம் என்னும் அறிஞர், 1933-ஆம் ஆண்டில், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை கலந்த நீர்மருந்தை மரத்துக்கு ஊட்டும் முறையைக் கண்டார். செம்பு பூஞ்சையை ஒடுக்கும். ஆர்சனிக் பூச்சிகளைக் கொல்லும். குரோமியம் அவ்விரண்டையும் மரநாரோடு பிணித்து, நீரிற் கழுவுண்டு போகாமற் காக்கும். இம்முறை உலகின் பல நாடுகளிலும் பரவிற்று. ஆயினும் ஆர்சனிக் கொடிய நஞ்சன்றோ? பிணிப்பு வலிதாயினும் நஞ்சு சிறிது கசியவே செய்தது. பிள்ளைகள் விளையாடும் இடங்களுக்கு அது தகாது என்னும் கவலை வளர்ந்தது. அமெரிக்க நாட்டில், வீட்டு வேலைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அம்மரம் ஆக்குவதை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தினர். பின்னர் வழக்கில் வந்த மருந்துகளிற் செம்பே முதன்மையானது. செம்போ மீனுக்கு ஆகாது; சிறிய, நீரோட்டமில்லாத குளத்தில் இதனை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். மருந்தூட்டிய மரத்தைக் கால்களுக்கு மட்டும் கொண்டு, மிதிக்கும் பலகைகளை வைரமரத்தால் அமைத்தல் நன்று. மருந்துமரத்தைக் குளக்கரையில் வைத்து அறுத்துத் தூளை நீரிற் சிந்துவது பெரும்பிழை. பலகைகளை நெருக்கி அடித்தலும் ஆகாது. கால் அங்குலமேனும் இடைவெளி விட்டால்தான் மழைநீர் தங்காது வடியும்.

கால் நடாமலே துறை அமைப்பாரும் உளர். காற்றடைத்த பீப்பாய்களின்மேல் சட்டம் பூட்டிப் பலகை பரப்பினால், மழைக்கு உயர்ந்தும் கோடைக்குத் தாழ்ந்தும் அது நீரோடு செல்லும். குளிர்நாட்டில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. அங்கே குளத்துநீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருத்து, நட்ட கால்களை இறுகப் பற்றிக்கொள்ளும். அடியில் நீர் பெருகினால் பனிக்கட்டி எழும்பிக் காலையும் உடன் பெயர்த்தெடுக்கும். மிதவைத் துறையையோ, முதற்பனி விழுமுன் இருவர் கூடிக் கரைக்கு இழுத்து, வேனில் வந்ததும் மீண்டும் நீரில் தள்ளிவிடுவர்.