ஆப்பிரிக்காவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா: எந்த நாடு, எந்த மாதம்?

துபாய், மலேசியா, துருக்கி என்று விடுமுறைக்குப் போய்வந்த நம் குடும்பங்கள் இப்போது ஆப்பிரிக்காவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சிங்கம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு எகிப்தைப் பார்த்துவிட வேண்டும். உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் கெய்ரோவில் நான்கு நாள் தங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

"ஆப்பிரிக்கா போகிறோம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது 54 நாடுகள் கொண்ட கண்டம். கெய்ரோவுக்கும் கேப் டவுனுக்கும் இடையே ஏறக்குறைய 7,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கெய்ரோ போவதைவிட அது அதிகத் தூரம். ஒரே பயணத்தில் பிரமிடையும் சிங்கத்தையும் ஜான்சிபார் கடற்கரையையும் பார்த்துவிடலாம் என்று யாராவது பட்டியல் போட்டுத் தந்தால், அதில் பாதி நாள் விமான நிலையத்தில்தான் கழியும்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 13 வயது மகள், 7 வயது மகன். கூடவே 66 வயது உம்மா, அவருக்கு முழங்கால் வலி. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புவோம். இவர்களுக்கு எது பொருந்தும்?

முதலில் மாதத்தைப் பாருங்கள்

நாட்டைத் தேர்வு செய்துவிட்டுத் தேதி பார்ப்பதுதான் நம் வழக்கம். ஆப்பிரிக்காவுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மண் சாலைகள் சேறாகிவிடும், புல் உயரமாக வளர்ந்து விலங்குகளை மறைக்கும், சில முகாம்களை மூடியே வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் சஃபாரி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். விலையை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிட்டால், பிள்ளைகள் மூன்று நாளும் வண்டிக்குள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, லட்சக்கணக்கான காட்டுமாடுகள் ஆற்றைக் கடப்பதை, அது கென்யாவின் மசாய் மாராவில் ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் அந்த மந்தைகள் தான்சானியாவின் செரெங்கெட்டி பக்கம் இருக்கும். வளைகுடாவில் வாழும் நம் சகோதரர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை என்பதால் இது அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊரில் இருப்பவர்களுக்குக் காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் கிடைத்தால் உண்டு.

ஆனால் அந்த மாதங்களில் கட்டணமும் ஏறுகிறது. 2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். நம் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் ஆகஸ்டில் ஒரு நாளைக்கு 650 டாலர். வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. "பேக்கேஜில் எல்லாம் அடக்கம்" என்று சொல்பவரிடம் பூங்காக் கட்டணமும் அடக்கமா, எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கென்யாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுத் தேர்தல் ஆகஸ்ட் மாதம் வரும். அடுத்தது 2027 ஆகஸ்டில். 2007 தேர்தலுக்குப் பின் நடந்த கலவரம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு மாதத்தைத் தவிர்த்துவிடலாம்.

உம்மாவுக்குச் சஃபாரி ஒத்துவருமா? நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கல். பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. தொழுகைக்கும் கழிப்பறைக்கும் இதை முன்பே யோசிக்க வேண்டும். காலை ஆறு முதல் பத்து வரை ஒரு சுற்று, அஸருக்குப் பின் ஒரு சுற்று என்று பிரித்துக்கொண்டு நடுப்பகலில் விடுதிக்கு வந்துவிடுவது நல்லது. விலங்குகளும் அந்த நேரங்களில்தான் நடமாடும். முடியாதவர்களுக்கு நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. நகரத்தை ஒட்டியே உள்ள அந்தப் பூங்காவில், பின்னால் உயர்ந்த கட்டடங்கள் தெரிய சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் அரை நாளில் தேடிப் பார்க்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். "கென்யா விசாவுக்கு ஊசி கேட்கவில்லையே" என்பார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, கானா, செனகல் போன்ற மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளிலிருந்து வருபவர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இலங்கையும் இதே சான்றிதழைக் கேட்கிறது. கென்யாவைப் பார்த்துவிட்டு ஜான்சிபார் போனால் தான்சானியாவும் கேட்கும். அடிஸ் அபாபாவில் விமானம் மாறும்போது ஒரு நாள் ஊர் சுற்றலாம் என்று வெளியே வந்தாலும் இந்த விதிக்குள் வந்துவிடுவீர்கள்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. குறிப்பிட்ட நாள்களில் மட்டும் போடுவார்கள் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

இப்போது உம்மாவின் விஷயம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அபூர்வமானாலும், மற்றவர்களைவிட அதிகம். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே உம்மாவை அவரது டாக்டரிடம் கூட்டிப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் நாட்டை மாற்றுங்கள், உம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. எகிப்து, மொராக்கோ, துனீசியா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் ஆகியவற்றில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லை.

மலேரியா வேறு விஷயம். அதற்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, வந்த பிறகும் சில நாள் சாப்பிட வேண்டும். கென்யக் கடற்கரை, தான்சானியா, தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா ஆகியவற்றில் இந்த அபாயம் உண்டு. எகிப்தை 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. மொராக்கோவுக்கு அந்தச் சான்று 2010லேயே கிடைத்துவிட்டது.

எகிப்து

நம் குடும்பத்துக்கு டிசம்பர் அரையாண்டு விடுமுறை கிடைத்தால் எகிப்தைத்தான் முதலில் சொல்வோம். குளிர் இதமாக இருக்கும், ஹலால் உணவுக்குத் தேட வேண்டியதில்லை, உம்மாவுக்குப் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும். மே மாதத்தில் தெற்கே லக்சர் கொதிக்கும், போகாதீர்கள்.

ஹஜ்ரத் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஃபுஸ்தாத்தில் எழுப்பிய பள்ளிவாசல் இருக்கும் இடம், 879இல் கட்டி முடித்த இப்னு தூலூன் பள்ளிவாசல், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அல்அஸ்ஹர் என்று கெய்ரோவிலேயே நான்கு நாள் போய்விடும். பிரமிடுகளின் அருகே பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தை 2025 நவம்பரில் முறைப்படி திறந்திருக்கிறார்கள்.

"ஃபிர்அவ்னின் உடலைப் பார்க்க வேண்டும்" என்று நம்மவர்கள் எல்லாருமே கேட்பார்கள். அரச மம்மிகள் அந்தப் புதிய அருங்காட்சியகத்தில் இல்லை. 2021 ஏப்ரலில் அவற்றை ஃபுஸ்தாத்தில் உள்ள எகிப்திய நாகரிக தேசிய அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தவறான இடத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு அலையாதீர்கள். அங்கே இரண்டாம் ராம்சேஸைக் காட்டி "இவன்தான் மூஸா நபி காலத்து ஃபிர்அவ்ன்" என்று வழிகாட்டி அடித்துச் சொல்வார், இன்னொருவர் அவன் மகன் மெர்னெப்தாவைக் காட்டுவார். குர்ஆன் அந்த மன்னனின் பெயரைச் சொல்லவில்லை. ஆய்வாளர்களிடமும் ஒரே முடிவு இல்லை. பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லிவிடலாம்.

மொராக்கோவுக்கு ஏப்ரல், மே நல்ல மாதங்கள். ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி 859இல் தொடங்கியதாக வரலாறு சொல்லும் கரவிய்யீன் ஃபெஸ் நகரில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாத பயணிகளை விடுவதில்லை, வாசலில் தடுத்தால் நாமும் முஸ்லிம்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மாலிகி மத்ஹப் என்பதால் சிலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள், உம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் மதுரை சுல்தானின் ஆட்சிப் பகுதிக்கு வந்து எழுதிவைத்த இப்னு பதூதா பிறந்தது இந்நாட்டின் தான்ஜியரில், 1304இல். துனீசியாவின் கைரவானும் பார்க்க வேண்டிய ஊர்தான், ஆனால் நம் ஊர்ப் பக்கமிருந்து போய்வரும் நேரத்தையும் செலவையும் நினைத்தால் முதல் பயணத்துக்குச் சொல்ல மாட்டோம்.

ஜான்சிபாரும் கேப் டவுனும்

ஜான்சிபாரில் இறங்கினால் காயல்பட்டினத்துக்காரருக்கும் கீழக்கரைக்காரருக்கும் அந்நியமாக இருக்காது. கடல் வணிகம் கொண்டுசேர்த்த அதே ஷாஃபிஈ மத்ஹப், தேங்காய்ப்பால் போட்ட சோறு, பாங்கு சொன்னதும் அடைக்கிற கடைகள். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கிஸிம்காஸி பள்ளிவாசலில் ஹிஜ்ரி 500ஆம் ஆண்டின், அதாவது 1107இன் கல்வெட்டு இருக்கிறது. ஒரு சின்ன விஷயம்: நமக்கு "மேற்கு எது?" என்று கேட்டே கிப்லா பார்த்துப் பழக்கம். ஜான்சிபாரில் கிப்லா கிட்டத்தட்ட நேர் வடக்கு, கெய்ரோவில் தென்கிழக்கு, மொராக்கோவில் கிழக்கு.

அங்கே ஸ்டோன் டவுனில் அடிமைச் சந்தை இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1873இல் அதை மூடினார்கள். அந்த வணிகத்தில் ஓமானிய அரபிகளும் சுவாஹிலி முஸ்லிம்களும் ஈடுபட்டிருந்தார்கள் என்பது மறைக்க முடியாத வரலாறு. பள்ளிவாசல்களைக் காட்டிப் பெருமைப்படுகிற நாம், இதையும் 13 வயது மகளுக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஜான்சிபாருக்கு வரும் வெளிநாட்டவர் 44 டாலருக்கு அத்தீவின் காப்பீட்டை எடுக்க வேண்டும், உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் சரி. ஏப்ரல், மே இங்கும் மழைதான்.

ஏப்ரலில் வெயிலும் மழையும் மிதமாக இருக்கும் இடம் கேப் டவுன். அங்கே போ-காப் பகுதியில் உள்ள அவ்வல் பள்ளிவாசல் 1794இல் அமைந்தது. அதன் முதல் இமாம் துவான் குரு, டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து நாடு கடத்தி ராபன் தீவில் சிறைவைத்தவர். குர்ஆனை நினைவிலிருந்தே எழுதியவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். அவருக்கு முன்பே வந்த மகாசர் ஷெய்க் யூசுஃபை டச்சுக்காரர்கள் முதலில் இலங்கைக்குத்தான் நாடு கடத்தினார்கள், பிறகு 1694இல் கேப்புக்கு. இலங்கை வாசகர்கள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். ஹலால் முத்திரை தென்னாப்பிரிக்காவில் கடைப் பொருள்களிலேயே இருக்கும். ஆனால் விசாவுக்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைத் தயாராக வையுங்கள், இருட்டிய பின் நடந்து ஊர் சுற்றாதீர்கள்.

அலைச்சலே வேண்டாம் என்பவர்களுக்கு மொரீஷியஸ். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை, மே மாதம் புயல் காலம் முடிந்து இதமாக இருக்கும், ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் துள்ளுவார்கள். சிங்கக் காட்டுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது.

ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் கொடுத்த அபிசீனியாவை, நெகாஷ் பள்ளிவாசலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நம்மில் நிறைய. அது இருக்கும் திக்ரேயில் 2020 முதல் 2022 வரை போர், பள்ளிவாசலும் சேதமடைந்தது. இப்போதைக்குப் பிள்ளைகளோடு வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து போர் நடக்கும் சூடானும், திம்புக்து இருக்கும் மாலியும் அப்படியே.

விசா விதிகள் பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் வேறுபடும், இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தூதரகத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை நீக்கி, இணையவழி முன்அனுமதி வாங்கச் சொல்கிறது. கைக்குழந்தைக்கும் தனியாக வாங்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். செருப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஈரத்துணிக்கு ஒன்று, ஊறுகாய்க்கு மூன்று என்று சுற்றி வைப்பது நம் வீட்டுப் பழக்கம். கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டன. விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், ஊறுகாய் பாட்டில் மட்டும் கையில் மிஞ்சும். துணிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.