கீமோ கணக்கு – 9: ஆன்டாப் ஹில்லில் இறங்கிய விலை

போன வாரம் பரேலில் டாட்டா மெமோரியலின் சமூகப் பணியாளர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். உதவிப் பணம் நோயாளி கைக்கு வராது, ஃபைல் எண்ணைப் போட்டு ஆஸ்பத்திரிக் கணக்குக்குத்தான் போகும் என்பதுவரை சொன்னேன். அதற்கு முந்தையதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது.

இந்த வாரம் தர்ம ஆஸ்பத்திரிகளின் இலவசப் படுக்கைகள் என்று அறிவித்திருந்தேன். எழுத உட்கார்ந்த நேரத்தில் நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார், அது என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் அவர்கள் வீட்டில் எஸ்டிமேட் தாளைத் தரையில் விரித்து, எந்த டிரஸ்டில் எவ்வளவு கேட்கலாம் என்று நானும் நண்பரும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். டீயை வைத்துவிட்டு அவர் கேட்டார்:

“எல்லாருகிட்டயும் ரூவா கேக்கீங்க அண்ணாச்சி. இந்த மருந்துக்கு இவ்வளவு வெலைன்னு வச்சவன்கிட்ட யாராவது போயி கேட்டாங்களா?”

கேட்டிருக்கிறார்கள். கேட்ட இடம் அவர் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. சயான் தாண்டி, ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனும் தாண்டினால் ஆன்டாப் ஹில். அங்கே எஸ்.எம். ரோட்டில், போஸ்டாபீஸை ஒட்டி, பௌத்திக் சம்பதா பவன் என்று ஓர் அரசுக் கட்டடம் நிற்கிறது. அதுதான் காப்புரிமை அலுவலகம். சயான் கோலிவாடாத் தமிழர்கள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். பார்த்தால் ஏதோ வரி ஆபீஸ் என்றுதான் தோன்றும்.

சொராஃபெனிப் என்று ஒரு மாத்திரை. முற்றிய ஈரல் புற்றுக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் கொடுப்பது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி அதை நெக்ஸாவர் என்ற பெயரில் விற்றது. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய். தப்பாக அச்சாகவில்லை, மாதத்துக்குத்தான். ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி முதலில் பேயரிடமே போய், நாங்களும் தயாரிக்க உரிமம் கொடுங்கள் என்று கேட்டது. பேயர் மறுத்தது. 2011 ஜூலையில் நாட்கோ காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. காப்புரிமை கொடுத்து மூன்று வருஷம் ஆன பிறகு, அந்தப் பொருள் மக்களின் தேவைக்குப் போதுமான அளவு கிடைக்காவிட்டாலோ, கட்டுப்படியாகும் விலையில் இல்லாவிட்டாலோ, இந்தியாவில் அந்தக் காப்புரிமையைச் செயல்படுத்தாவிட்டாலோ, வேறொருவர் தயாரிக்க அரசு உரிமம் கொடுக்கலாம். கட்டாய உரிமம் என்பார்கள். மூன்றில் ஒன்று நிரூபணமானாலே போதும்.

பேயர் சொன்ன வாதங்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அந்த நேரத்தில் மும்பைக் கம்பெனியான சிப்லாவும் இதே மருந்தைக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. எங்கள் காப்புரிமையை மீறுகிறார்கள் என்று சிப்லா மீது டெல்லியில் வழக்குப் போட்டிருந்தது பேயர். அதே பேயர் மும்பையில் வந்து, “சிப்லாவின் மருந்தும் சந்தையில் கிடைக்கிறதே, மக்களின் தேவை தீர்ந்துதானே வருகிறது?” என்று வாதாடியது. ஒரு ஊரில் திருட்டுச் சரக்கு, இன்னொரு ஊரில் பொதுச் சேவை! அப்போது காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர் பி.எச். குரியன். அவர் இதை ஏற்கவில்லை. தேவைப்பட்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் பேயரின் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று காரணங்களுமே பொருந்தும் என்று முடிவு செய்து 2012 மார்ச் 9ஆம் தேதி உத்தரவு போட்டார். நாட்கோ மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க வேண்டும், பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி கொடுக்க வேண்டும். அதோடு, வசதியில்லாத நோயாளிகள் 600 பேருக்காவது ஒவ்வொரு வருஷமும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 600 பேர் பற்றிய நிபந்தனையைத்தான். எட்டு வாரமாக டிரஸ்ட், நிதி, மனு, சிபாரிசுக் கடிதம் என்று அலைந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். 600 பேருக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலையில் 97 சதவீதம் குறைவு என்று ஒரே உத்தரவில் கொடுத்த தர்மகர்த்தாவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் அது. அதற்குப் பிறகு இன்னொன்று கொடுக்கவில்லை.

பேயர் மேல்முறையீடு செய்தது. அப்போது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையில் இருந்தது. அதன் தலைவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச் 4இல் உரிமம் செல்லும் என்றார். ராயல்டியை மட்டும் 7 சதவீதமாக்கினார். 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. பிரபா ஸ்ரீதேவன் என்ற பெயரை இலக்கிய வாசகர்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பார்கள். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர்தான். சூடாமணியை மொழிபெயர்க்கும் பொறுமை உள்ளவருக்குக் காப்புரிமை மனுக்கள் ஒன்றும் பெரிய பாடாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இவர் பெயர் இதற்கு முன்னாலும் ஒரு புற்றுநோய் மருந்து வழக்கில் வருகிறது. அந்த வழக்கைத் தொடங்கியதிலும் மும்பைக்குப் பங்குண்டு. கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற அமைப்பை ஒய்.கே. சப்ரு 1969இல் இங்கே தொடங்கினார். மருந்துச் செலவுக்கு மனுப் போடும் இடம் என்று ஐந்தாவது வாரம் நான் எழுதியது இதைத்தான். இந்த அமைப்பு காப்புரிமை வழக்கில் மனுதாரராக நின்றதை அப்போது எழுத இடம் கிடைக்கவில்லை. ரத்தப் புற்றில் ஒரு வகைக்குக் கொடுக்கும் கிளீவெக் மாத்திரையின் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. நோவார்டிஸின் விலை மாதம் 1,20,000 ரூபாய். உள்நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. சப்ருவின் அமைப்பும் அந்தக் கம்பெனிகளும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிராகரிக்கப் பயன்பட்ட சட்டப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் பிரபா ஸ்ரீதேவன். கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்திலும் கம்பெனி தோற்றது.

நோவார்டிஸும் ஏராளமானவர்களுக்கு அந்த மாத்திரையை இலவசமாகக் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கம்பெனி மனசு வைத்துக் கொடுப்பதை அதே கம்பெனி நிறுத்தவும் செய்யலாம். ஒரு மாத்திரையை ஐந்து பேர் போட்டி போட்டுச் செய்தால் விலை தன்னால் இறங்கும், யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. பில்லுக்குப் பணம் திரட்டுவது ஒரு வழி என்றால், பில்லையே எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது இன்னொரு வழி. மும்பையில் ஒரே அமைப்பு இரண்டையும் செய்திருக்கிறது.

“அதெல்லாம் கோர்ட்டு சமாச்சாரம், நமக்கு என்ன?” என்றார் நண்பர். நமக்கும் இருக்கிறது. அவர் எஸ்டிமேட்டில் இருந்த ஒரு கீமோ ஊசியை, அவசரம் என்று வெளியே ஒரு மருந்துக் கடையில் எம்.ஆர்.பி. விலைக்கு வாங்கியிருந்தார்கள். புற்றுநோய் மருந்தில் டப்பாவின் மேல் அச்சடித்த விலையும் ஆஸ்பத்திரி வாங்கும் விலையும் ஒன்றல்ல. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. வரம்பு வைக்கிற நிலைமை வந்ததென்றால் அதற்கு முன் எப்படி விற்றிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாட்டா மெமோரியல் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பில், 23 மருத்துவமனைகள் சேர்ந்து 40 மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கின. அதற்கு முன் கொடுத்துவந்த விலையோடு ஒப்பிட்டால் மிச்சமான தொகை 1,320 கோடி ரூபாய். சில மருந்துகளில் 23 சதவீதம்தான் குறைந்தது, சிலவற்றில் 99 சதவீதம்.

ஆகவே டிரஸ்டுகளுக்கு மனு எழுதுமுன் எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மருந்தில் விலை குறைந்த வேறு கம்பெனி தயாரிப்பு உண்டா? இதை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்க முடியுமா? நண்பரின் மனைவி போய்க் கேட்டார். ஊசி மாறவில்லை, கம்பெனி மாறியது. புதிய எஸ்டிமேட் பழையதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. டிரஸ்டுகள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கொடுக்கும், அடைக்க வேண்டிய ஓட்டை சிறிதாக இருந்தால் அந்தத் துண்டுகளே போதும். அதற்காகப் பாதி விலை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஊசியைத் தொட்டுவிடாதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளைப் பொறுக்கி, போலி மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தது.

தர்ம ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு இனி இடமில்லை. தலைப்பை மட்டும் சொல்லிவைக்கிறேன்: மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைச் சட்டத்தில் பதிவான பெரிய ஆஸ்பத்திரிகள், எத்தனை பளபளப்பாக இருந்தாலும், 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகை விலையிலும் ஒதுக்க வேண்டும். அதற்குத் தாசில்தார் வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ கேட்பார்கள். ஊர் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்வது என்பதே ஒரு தனி ராமாயணம், அதுவும் அடுத்த வாரம்தான்.

செம்பூர் சேடா நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அண்ணன் திருநெல்வேலியிலிருந்து சிகிச்சைக்காக அடிக்கடி வந்து போகிறார், ரயிலில் சலுகை உண்டா? உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டடுக்கு ஏசியில் இருவருக்கும் பாதி. ரயில்வே வைத்திருக்கும் படிவத்தில் ஆஸ்பத்திரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அடுத்த முறை ஓ.பி.டி.க்குப் போகும்போதே அதையும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

(தொடரும்)